வேளை தவறிய ஆண்டுகள்: உண்ணுதல் கோளாறும் நேரமும் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எனக்கு 17 வயதில் அனோரெக்சியா என்ற உண்ணுதல் கோளாறு தொடங்கியது. 25 வயதுவரை அது என்னோடு இருந்தது. இப்போது வயது 38. என் அனுபவத்தைப் பற்றி வெளிப்படையாகப் பேசத் தொடங்கிய பிறகு பெற்றோர், கணவர்கள், விடுதித் தோழிகள், நோயில் இருப்பவர்கள் எனப் பலரும் கேள்வி கேட்கிறார்கள். "ஏன் இவ்வளவு நேரம் சாப்பிடுகிறாள்?", "எப்போது சரியாகும்?", "இன்னும் எத்தனை நாள்?" அவற்றில் பாதிக்கு மேல் நேரத்தைப் பற்றியவை என்பதை நான் தாமதமாகத்தான் கவனித்தேன். அதனால் அந்தக் கேள்விகளை மட்டும் இங்கே சேர்த்திருக்கிறேன்.

நான் மருத்துவர் அல்ல. இன்னொன்று: எடை, கலோரி, உடை அளவு என்று எந்த எண்ணும் இந்தப் பக்கத்தில் வராது. நோயில் இருப்பவர் அப்படி ஓர் எண்ணைப் பார்த்தால் மற்ற வரிகளை விட்டுவிட்டு அதை மட்டும் எடுத்துக்கொண்டு போவார். நானும் அப்படித்தான் செய்தேன்.

உண்ணுதல் கோளாறுக்கும் நேரத்துக்கும் என்ன சம்பந்தம்?

தமிழில் இதை விளக்குவது எளிது. பொழுதுக்கும் சாப்பாட்டுக்கும் நம்மிடம் ஒரே சொல் இருக்கிறது: வேளை. மாலை வேளை என்கிறோம். மூன்று வேளை சாப்பிட்டான் என்றும் சொல்கிறோம். "வேளாவேளைக்குச் சாப்பிடுகிறாயா?" என்று தொலைபேசியில் கேட்காத அம்மா இல்லை. காலையில் ஒரு வீட்டுக்குப் போனால் "டிபன் ஆயிற்றா?", நான்கு மணிக்குப் போனால் "காபி குடிக்கிறீர்களா?" என்பார்கள். நம் நாளை நாம் சாப்பாட்டைக் கொண்டே கூறுபோட்டு வைத்திருக்கிறோம்.

சாப்பாட்டை நினைத்தாலே உள்ளங்கை வியர்க்கும் ஒருவருக்கு இந்த ஏற்பாடு எப்படி இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். எங்கள் வீட்டுக் கூடத்தில் தினசரி நாட்காட்டி தொங்கும். தாளின் அடியில் அன்றைய ராகு காலம், எமகண்டம், குளிகை. அந்த ஆண்டுகளில் எனக்கு ஒரு நாளில் மூன்று ராகு காலங்கள் இருந்தன: எட்டரை, ஒன்று, எட்டு. அவற்றுக்கு இடையில் கிடந்த நேரம் முழுவதும் அடுத்ததை எதிர்பார்ப்பதிலோ முடிந்ததை நினைத்து வருந்துவதிலோ போய்விடும். வேறு எதற்கும் இடம் மிஞ்சாது.

எந்தெந்த நோய்களைச் சொல்கிறீர்கள்?

முக்கியமாக மூன்று. உணவைக் குறைத்துக்கொண்டே போகும் அனோரெக்சியா நெர்வோசா. 1870களில் லண்டன் மருத்துவர் வில்லியம் கல் இதற்கு இந்தப் பெயரை வைத்தார். கட்டுமீறி உண்பதும், உண்டதை எப்படியாவது ஈடுகட்டத் துடிப்பதும் மாறிமாறி வரும் புலிமியா நெர்வோசா. இதை 1979இல் ஜெரால்ட் ரசல் விவரித்தார். ஈடுகட்டும் முயற்சி இல்லாமல் கட்டுமீறி உண்பது மட்டும் இருந்தால் அது மிகையுண்ணல் கோளாறு. அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் நோய்க் கையேட்டில் இதற்குத் தனி இடம் கிடைத்தது 2013இல்தான். ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு நகர்கிறவர்களும் நிறைய. ஆனால் மூன்றிலும் நேரம் ஒரே மாதிரி ஓடுவதில்லை.

ஒரு நாளை உள்ளேயிருந்து பார்த்தால் எப்படி இருக்கும்?

நீளமாக இருக்கும். விடுதியில் எனக்கு விடியற்காலை நான்கு மணிக்கே விழிப்பு வந்துவிடும். பட்டினி கிடக்கும் உடம்பு நன்றாகத் தூங்காது. மெஸ் திறப்பது ஏழரைக்கு. அந்த மூன்றரை மணி நேரத்தை எப்படிக் கழிப்பது என்பதுதான் நாளின் முதல் வேலை. மெஸ் வாசலுக்கு மேலே ஒரு வட்டக் கடிகாரம் இருந்தது. அது ஐந்து நிமிடம் முந்தி ஓடும். அங்கே சாப்பிட்ட முந்நூறு பெண்களில் இது எனக்கு மட்டும்தான் தெரியும் என்று நினைக்கிறேன். மற்றவர்கள் அதைப் பார்த்திருப்பார்கள். நான் அதனோடு குடும்பம் நடத்தினேன்.

வகுப்பில் உட்கார்ந்திருப்பேன், பாடம் ஏறாது. மதியம் என்ன, அதை எப்படி எதிர்கொள்வது, யார் பக்கத்தில் உட்காருவார்கள் என்று உள்ளே ஒரு கணக்குப்பிள்ளை ஓயாமல் எழுதிக்கொண்டிருப்பார். தோழிகள் சினிமாவுக்குக் கூப்பிட்டால் என் காதில் விழுவது படத்தின் பெயர் அல்ல. இடைவேளை என்ற சொல்தான் விழும். இடைவேளையில் வாங்கி நீட்டுவார்களே! ஞாயிற்றுக்கிழமை எல்லாவற்றையும் விட மோசம், ஒளிந்துகொள்ள வகுப்புகூட இல்லை.

இப்படி ஒவ்வொரு நாளும் ஊர்ந்தது. ஆனால் நான்கு ஆண்டுக் கல்லூரியைத் திரும்பிப் பார்த்தால் கையில் ஒன்றும் இல்லை. தோழிகள் "அந்த ஊட்டிப் பயணம் நினைவிருக்கிறதா?" என்று கேட்பார்கள். பஸ் எந்தெந்த ஓட்டலில் நின்றது என்பது மட்டும் நினைவிருக்கிறது. ஊட்டி நினைவில்லை.

ஓர் இட்லிக்கு முக்கால் மணி நேரம் எடுத்துக்கொள்கிறாள். வேண்டுமென்றே செய்கிறாளா?

பெற்றோருக்கு மிகுந்த ஆத்திரம் வருவது இந்த இடத்தில்தான். பிடிவாதம், நடிப்பு, நம்மைச் சோதிக்கிறாள் என்றெல்லாம் தோன்றும். என் அப்பாவும் ஒரு நாள் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து போயிருக்கிறார். அவரைக் குறை சொல்ல மாட்டேன்.

இதற்கு விடை 1944ஆம் ஆண்டின் இறுதியில் அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் தொடங்கிய ஒரு பரிசோதனையில் இருக்கிறது. போரால் பட்டினி கிடக்கும் ஐரோப்பிய மக்களை எப்படித் தேற்றுவது என்று கண்டறிய, ஆன்செல் கீஸ் என்ற உடலியல் அறிஞர் 36 இளைஞர்களைத் தேர்ந்தெடுத்தார். போரில் ஆயுதம் ஏந்த மறுத்தவர்கள், தாமாக முன்வந்தவர்கள், உடலும் மனமும் நலமாக இருந்தவர்கள். ஒருவருக்கும் உண்ணுதல் கோளாறு கிடையாது. பல்கலைக்கழகக் கால்பந்து மைதானத்துக்கு அடியில் இருந்த அறைகளில் தங்கவைத்து, 1945இல் 24 வாரங்கள் அரைப் பட்டினி போட்டார்கள்.

சில நிமிடங்களில் சாப்பிட்டு எழுந்துகொண்டிருந்த அந்த ஆண்கள், பட்டினி முற்றியபோது ஒரு வேளை உணவின் முன் ஏறக்குறைய இரண்டு மணி நேரம் உட்கார்ந்தார்கள். கிளறினார்கள், கலந்தார்கள், இழுத்தடித்தார்கள். அன்றைக்குக் கிடைக்கும் உணவை எப்படிப் பயன்படுத்துவது என்று திட்டமிடுவதிலேயே பகல் போனது. அரசியல் பேசியவர்கள் சமையல் குறிப்புப் புத்தகங்களைப் படிக்கத் தொடங்கினார்கள். பரிசோதனை முடிந்த பிறகு சிலர் சமையல் தொழிலுக்கே போனதாகச் சொல்வார்கள். வயிறு நிறையச் சாப்பிட அனுமதித்த பிறகும் இந்தப் பழக்கங்கள் உடனே போகவில்லை, மாதக்கணக்கில் நீடித்தன.

இதைப் படித்த அன்று நான் அழுதேன். என் குணம் என்று நான் நினைத்திருந்ததில் பெரும்பகுதி பட்டினியின் குணம்! இழுத்தடிப்பது அதன் ஓர் அறிகுறி, காய்ச்சலில் உடம்பு சுடுவதைப் போல. பட்டினியோடு பயமும் சேர்ந்தால் முக்கால் மணி நேரம் என்பது குறைவுதான்.

ஏகாதசி, சஷ்டி, ரமலான் என்று எத்தனையோ பேர் நோன்பு இருக்கிறார்களே. அதற்கும் இதற்கும் என்ன வேறுபாடு?

என் பாட்டி ஏகாதசி தவறாமல் இருந்தவர். மறுநாள் துவாதசிக் காலையில் பஞ்சாங்கத்தைப் பார்த்து, பாரணைக்கு உரிய நேரத்துக்குள் அகத்திக்கீரையும் நெல்லிக்காயும் சுண்டைக்காயுமாகச் சமைத்துச் சாப்பிட்டு விரதத்தை முடிப்பார். அந்த நேரத்தைத் தவறவிட்டால் விரதம் இருந்த பலன் இல்லை என்பார். அதாவது, சாப்பிடுவதும் விரதத்தின் ஒரு பகுதி. ரமலானிலும் அப்படித்தான். மஃரிபு பாங்கு ஒலித்ததும் பேரீச்சம்பழமும் நோன்புக் கஞ்சியுமாக நோன்பு திறந்துவிட வேண்டும்.

அனோரெக்சியாவுக்குப் பாரணை இல்லை. இவ்வளவு போதும், இனி இலை போட்டு உட்காரலாம் என்று சொல்லும் பஞ்சாங்கம் அதனிடம் கிடையாது. குறித்த இலக்கை எட்டினால் இலக்கு நகரும். மினசோட்டா இளைஞர்களுக்குக்கூட முடியும் தேதி தெரிந்திருந்தது.

ஆனால் நோய் விரதத்தின் புடவையைக் கட்டிக்கொண்டு வரும், அதைச் சொல்லியாக வேண்டும். எனக்குத் திடீரென்று பக்தி முற்றியபோது பாட்டி பூரித்துப்போனார். வாரத்தில் மூன்று நாள் விரதம் என்று ஒரு பதினேழு வயதுப் பெண் கேட்டால், எந்த நாளில் முடிப்பாய், முடித்த பிறகு என்ன சாப்பிடுவாய் என்று கேளுங்கள். பதிலில் தெரிந்துவிடும். நோயுற்றவருக்கு நோன்பிலிருந்து விலக்கு உண்டு என்று இஸ்லாமும் சொல்கிறது, நம் வீட்டுப் பெரியவர்களும் சொல்வார்கள். மீண்டுவரும் காலத்தில் அந்த விலக்கைத் தயங்காமல் எடுத்துக்கொள்ளுங்கள்.

புலிமியாவிலும் மிகையுண்ணலிலும் நேரம் எப்படி இருக்கும்?

இது என் சொந்த அனுபவம் இல்லை. சிகிச்சைக் குழுவில் என்னோடு இருந்த ஒருவர் சொன்னதைச் சொல்கிறேன். "கதவைச் சாத்தும்போது ஏழரை. அடுத்து நான் கடிகாரத்தைப் பார்த்தபோது ஒன்பது. நடுவில் நான் அங்கே இல்லை." ஊர்ந்துகொண்டிருந்த நேரம் அப்படியே விழுங்கப்பட்டுவிடும். 1991இல் ஹெதர்டன், பாமைஸ்டர் என்ற இரு உளவியலாளர்கள் இதற்கு ஒரு விளக்கம் கொடுத்தார்கள். தன்னைப் பற்றிய வேதனையான எண்ணங்களிலிருந்து தப்ப, மனம் தன் கவனத்தைக் கண்ணெதிரே இருக்கும் ஒரே பொருளுக்கு, அந்த ஒரு கணத்துக்குச் சுருக்கிக்கொள்கிறது என்றார்கள். நேற்றும் இல்லை, நாளையும் இல்லை, கையில் இருப்பது மட்டும்.

பிறகு நாளை திரும்பி வரும். "நாளையிலிருந்து ஒழுங்காக இருப்பேன்." "திங்கட்கிழமையிலிருந்து." "பொங்கல் முடியட்டும்." இந்த நோயில் மிகவும் ஆபத்தான சொல் எது என்று என்னைக் கேட்டால் நாளை என்பேன். நாளையிலிருந்து கடுமையாக இருக்கப்போகிறோம் என்ற தீர்மானமே இன்றைக்குக் கடைசியாக ஒருமுறை என்ற அனுமதியைத் தருகிறது. நாளைக்குக் கடுமையாகக் குறைத்தால், அந்தப் பட்டினி அடுத்த கட்டுமீறலைக் கொண்டுவருகிறது. சக்கரம் சுற்றிக்கொண்டே இருக்கும்.

இரவில் மட்டும் வரும் ஒரு வகையும் உண்டு. 1955இல் ஆல்பர்ட் ஸ்டங்கார்ட் என்ற அமெரிக்க மருத்துவர் இதை விவரித்தார். காலையில் பசி இருக்காது, உணவின் பெரும்பகுதி மாலைக்கு மேல் போகும், நடு இரவில் விழித்துச் சாப்பிடுவார்கள். தூக்கத்தின் கடிகாரம் ஓரிடத்திலும் வயிற்றின் கடிகாரம் வேறிடத்திலும் நிற்பதாக வைத்துக்கொள்ளலாம்.

"உன் எதிர்காலத்தை நினைத்துப் பார்" என்று எவ்வளவோ சொல்லிவிட்டோம். ஏன் ஏறவில்லை?

ஏறாது. எலும்பு தேயும், குழந்தை பிறக்காது, வேலைக்குப் போக முடியாது என்று எனக்கும் சொன்னார்கள். அவர்கள் காட்டிய ஐந்தாண்டு கழித்து இருக்கும் பெண் எனக்கு யாரோ. எனக்கும் அன்று இரவு எட்டு மணிக்கும் நடுவில் இருந்த தூரம்தான் என் உலகம்.

இதில் ஒரு புதிரும் உண்டு. இன்றே கொஞ்சம் பணம் வேண்டுமா, காத்திருந்து அதிகமாக வாங்கிக்கொள்கிறாயா என்று கேட்டால் பெரும்பாலோர் ஓரளவுக்கு மேல் காத்திருக்க மாட்டார்கள். 2012இல் நியூயார்க்கில் நடந்த ஓர் ஆய்வில், அனோரெக்சியா உள்ளவர்கள் மற்றவர்களைவிடப் பொறுமையாகக் காத்திருக்கத் தயாராக இருந்தார்கள். எடை மீண்ட பிறகு அந்த வேறுபாடு மறைந்ததாக 2015இல் அதே குழுவினர் எழுதினார்கள். எல்லா ஆய்வுகளும் இதே முடிவைச் சொல்லவில்லை. ஆனாலும் எனக்கு அது சட்டென்று புரிந்தது. இன்பத்தை அப்புறம், அப்புறம் என்று தள்ளிவைப்பதில் நாங்கள் கைதேர்ந்தவர்கள். ஐஸ்கிரீம் அப்புறம், நட்பு அப்புறம், வாழ்க்கை அப்புறம். எதிர்காலத்துக்காக இன்றைக்கு ஒன்றைச் செய் என்பது எங்களிடம் எடுபடாது. இன்றைக்கு ஒன்றைத் தள்ளிவை என்றால் உடனே செய்வோம்.

அதனால் தூரத்து எதிர்காலத்தைக் காட்டிப் பயமுறுத்துவதை விடுங்கள். அடுத்த வேளையைப் பற்றி மட்டும் பேசுங்கள்.

உடம்புக்குள் என்ன நடக்கிறது?

உடம்பு தன் கடிகாரங்களை ஒவ்வொன்றாக மெதுவாக்கும், சிலவற்றை நிறுத்திவிடும். இதயத்துடிப்பு குறைகிறது. மாதவிடாய் நின்றுபோகிறது. வளரும் வயதில் இருந்தால் உயரமும் பூப்பும் தள்ளிப்போகலாம். எலும்பு உறுதி சேரும் பருவம் பதின்வயதும் இருபதுகளின் தொடக்கமும்தான். அந்தப் பருவத்தில் சேராததைப் பின்னால் முழுதாக ஈடுகட்டுவது கடினம். இதில் மட்டும் உடம்பு தவணை கொடுப்பதில்லை.

வயிறும் மெதுவாகிவிடும். பட்டினி நீளும்போது இரைப்பை காலியாக அதிக நேரம் பிடிக்கிறது. இரண்டு வாய் சாப்பிட்டாலும் மணிக்கணக்கில் கனக்கும். நம் வீடுகளில் இதற்கு "மந்தம்" என்று பெயர். மெதுவாக இருப்பதற்கும் அதுதானே சொல்! "வயிறு மந்தமாக இருக்கிறது, வேண்டாம்" என்று அவள் சொல்வது பெரும்பாலும் பொய் இல்லை. ஹாங்காங்கில் சிங் லீ என்ற மனநல மருத்துவர் 1990களில் எழுதியவற்றிலும், குண்டாகிவிடுவோம் என்ற பயத்தைச் சொல்லாமல் வயிறு உப்புகிறது என்று மட்டும் சொன்ன நோயாளிகள் பலர் இருக்கிறார்கள். இங்கே இவர்கள் நேராக வயிற்று மருத்துவரிடம் போவார்கள், வாயு மாத்திரையோடு திரும்புவார்கள். ஒழுங்காகச் சாப்பிடத் தொடங்கினால் இந்த மந்தம் சில வாரங்களில் படிப்படியாகக் குறையும். அந்த வாரங்களைத் தாண்டுவதுதான் கடினம்.

பசித்தால் தானே சாப்பிடுவாள், விட்டுவிடலாமா? "பசித்துப் புசி" என்பார்களே.

நல்ல பழமொழி, நலமாக இருப்பவர்களுக்கு. பசி என்ற மணியே கெட்டுக் கிடப்பவரிடம் மணி அடித்ததும் வா என்று சொல்வதில் பயனில்லை. சிலருக்கு அது அடிப்பதே இல்லை. சிலருக்கு இடைவிடாமல் அடிக்கிறது. இரண்டையும் நம்ப முடியாது.

அதனால் மீள்வதன் முதல் கட்டத்தில் பசியைக் கேட்காமல் கடிகாரத்தைக் கேட்டுத்தான் சாப்பிட வேண்டும். இது புதிய யோசனையும் இல்லை. வில்லியம் கல் 1874லேயே, இந்த நோயாளிகளுக்குக் குறித்த இடைவெளிகளில் உணவு கொடுக்க வேண்டும் என்று எழுதிவிட்டார். ஆக்ஸ்ஃபோர்டில் கிறிஸ்டோபர் ஃபேர்பர்ன் உருவாக்கிய சிகிச்சை முறையின் அடித்தளமும் அதுதான்: நாளுக்கு மூன்று உணவு, நடுவில் இரண்டோ மூன்றோ சிற்றுணவு, விழித்திருக்கும் நேரத்தில் நான்கு மணி நேரத்துக்கு மேல் இடைவெளி விடாமல். கட்டுமீறி உண்பவர்களுக்கும் இதேதான். இடைவெளி குறைந்தால் சக்கரத்தின் வேகம் குறைகிறது.

ஓர் எச்சரிக்கை. நீண்ட காலம் பட்டினி கிடந்தவருக்கு வீட்டில் திடீரென்று விருந்து போட்டுவிடாதீர்கள். இரத்தத்தில் பாஸ்பேட் போன்ற உப்புகள் சட்டென்று சரிந்து இதயத்தையே பாதிக்கலாம். இரண்டாம் உலகப் போர் முடிந்து சிறைமுகாம்களிலிருந்து வந்தவர்களிடம் இதைக் கண்டார்கள். எங்கிருந்து தொடங்குவது என்பதை மருத்துவர் சொல்லட்டும்.

சாப்பாட்டு நேரத்தில் வீட்டில் இருப்பவர்கள் என்ன செய்ய வேண்டும்?

வில்லியம் கல் இடைவெளி விஷயத்தில் சரியாகச் சொன்னார்; உறவினர்கள்தான் நோயாளியைக் கவனிக்க மிகவும் தகுதியற்றவர்கள் என்று சொன்னதில் சறுக்கினார். 1980களில் லண்டன் மாட்ஸ்லி மருத்துவமனையில் இதைத் தலைகீழாக்கினார்கள். பதின்வயதினருக்குப் பெற்றோரே முதல் கட்டத்தில் உணவின் பொறுப்பை ஏற்பது, பிறகு சிறிது சிறிதாகப் பிள்ளையிடம் திருப்பிக் கொடுப்பது என்ற குடும்பச் சிகிச்சை அங்கிருந்து வளர்ந்தது.

என் வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். மாலை நான்கு மணிக்கு எவர்சில்வர் டம்ளரில் பால். அம்மா எதிரில் உட்கார்ந்து முறத்தில் சின்ன வெங்காயத்தைக் கொட்டி உரிப்பார். என்னைப் பார்க்க மாட்டார், டம்ளரையும் பார்க்க மாட்டார். பாலில் ஏடு படியும். நான் விரலால் ஒதுக்குவேன். கொஞ்ச நேரத்தில் இன்னொரு ஏடு படியும். அம்மா பக்கத்து வீட்டு மருமகளைப் பற்றி ஏதாவது சொல்வார், அல்லது ஒன்றும் சொல்ல மாட்டார். ஒரு நாள் நாற்பது நிமிடம் ஆனது. "ஆறிவிட்டது, வேறு சுட வைக்கட்டுமா?" என்றார். அவ்வளவுதான். குடித்துவிட்டேன். முறத்தில் அன்றைக்கு இரண்டு கிலோ வெங்காயம் உரித்துக் கிடந்தது. மறுநாளும் அதற்கு மறுநாளும் எங்கள் வீட்டில் வெங்காய சாம்பார்தான்.

கெஞ்சுவதோ அதட்டுவதோ அங்கே வேலை செய்திருக்காது. எனக்கு முடியும்வரை எழுந்து போக மாட்டேன், எனக்கு வேறு வேலை இல்லை என்று அம்மா காட்டியது வேலை செய்தது. ஏற்கெனவே ஒரு கடிகாரம் என் கழுத்தைப் பிடித்திருந்தது. "சீக்கிரம், சீக்கிரம்" என்று இன்னொன்றைக் கொண்டுவந்து வைக்காமல் இருந்தாரே, அது பெரிது. சாப்பிட்டு முடித்த அடுத்த ஒரு மணி நேரமும் கூடவே இருங்கள். சீட்டு, பல்லாங்குழி, தொலைக்காட்சித் தொடர், எதுவானாலும் சரி. பயம் உச்சத்துக்குப் போய் இறங்குவது அந்த நேரத்தில்தான்.

எவ்வளவு காலத்தில் குணமாகும்?

பாஸ்டனில் அனோரெக்சியாவோ புலிமியாவோ இருந்த 246 பெண்களை நீண்ட காலம் பின்தொடர்ந்த ஆய்வின் முடிவு 2017இல் வந்தது. ஒன்பதாம் ஆண்டில், அனோரெக்சியா இருந்தவர்களில் மீண்டிருந்தவர்கள் ஏறக்குறைய 31 விழுக்காடு. 22ஆம் ஆண்டில் அது 63 விழுக்காடு. புலிமியாவில் ஒன்பதாம் ஆண்டிலேயே 68 விழுக்காட்டினர் மீண்டிருந்தார்கள்.

இந்த எண்களை இரண்டு விதமாகப் படிக்கலாம். ஒன்பது ஆண்டு கழித்தும் மூன்றில் இரண்டு பங்கினர் மீளவில்லையே என்று ஒரு தாய் என்னிடம் கலங்கினார். நான் அவரிடம் இரண்டாவது எண்ணைக் காட்டினேன். பத்தாம் ஆண்டுக்குப் பிறகும் ஆட்கள் கரையேறிக்கொண்டே இருந்திருக்கிறார்கள். இத்தனை ஆண்டு ஆகிவிட்டது, இனி அவ்வளவுதான் என்று யாரையும் கைவிட இந்தக் கணக்கு இடம் கொடுக்கவில்லை.

அதற்காகப் பொறுத்துப் பார்க்கலாம் என்றும் இருந்துவிடாதீர்கள். நோய் தொடங்கிய முதல் மூன்று ஆண்டுகளுக்குள் சிகிச்சை கிடைப்பது நல்லது என்பதால், 16 முதல் 25 வயதுள்ளவர்களுக்காக லண்டனில் 2014இல் ஒரு துரிதச் சேவையைத் தொடங்கினார்கள். பரிந்துரை வந்த 48 மணி நேரத்துக்குள் தொலைபேசியில் பேசுவது, நான்கு வாரத்துக்குள் சிகிச்சையைத் தொடங்குவது இலக்கு. எனக்கு 19 வயதில் ஒரு மருத்துவர் "வயதுக்கோளாறு, கல்யாணம் ஆனால் சரியாகிவிடும்" என்றார். வீட்டுக்கு நிம்மதியாகத் திரும்பி வந்தோம். அந்த நிம்மதிக்கு மூன்று ஆண்டு விலை கொடுத்தேன்.

ஆண்களுக்கும் வருமா?

வரும். அரைப் பட்டினியில் அப்படி நடந்துகொண்ட அந்த 36 பேரும் ஆண்கள்தான். நம் ஊரில் பையன் மெலிந்தால் "ஜிம்முக்குப் போகிறான்" என்று விட்டுவிடுவதால் அவர்கள் மருத்துவரிடம் இன்னும் தாமதமாக வந்து சேர்கிறார்கள்.

எப்போது காத்திருக்கவே கூடாது?

மயங்கி விழுவது, நெஞ்சு படபடப்பு அல்லது வலி, வாந்தியில் இரத்தம், தண்ணீர்கூட இறங்காத நிலை, கைகால் வலுவிழப்பது, உயிரை விட்டுவிடும் பேச்சு. இவற்றில் ஒன்று இருந்தாலும் அன்றே மருத்துவமனை. "நேற்று எடுத்த இரத்தப் பரிசோதனை சரியாகத்தானே இருந்தது" என்று சமாதானம் சொல்லிக்கொள்ளாதீர்கள். உடம்பு கடைசிவரை சமாளித்துக் காட்டும். ஆள் மெலிந்து தெரியவில்லையே என்றும் பார்க்காதீர்கள். புலிமியாவில் எடை இயல்பாக இருக்கும்போதே பொட்டாசியம் அபாயகரமாகக் குறைந்திருக்கலாம்.

அவசரம் இல்லாமல் முதலில் யாரிடமாவது பேச வேண்டும் என்றால், இந்தியாவில் டெலி மானஸ் என்ற அரசு மனநலச் சேவையை 14416 என்ற எண்ணில் எந்நேரமும் அழைக்கலாம், தமிழில் பேசலாம். இலங்கையில் தேசிய மனநல உதவி எண் 1926.

போன ஆண்டுகளை நினைத்தால் ஆறவில்லை. என்ன செய்வது?

மீண்டு வந்தவர்கள் மட்டும் கேட்கும் கேள்வி இது. நோயில் இருக்கும்போது தோன்றாது. எடை திரும்பி, தலை தெளிந்து, சுற்றிப் பார்க்கும்போதுதான் தோழிகளின் பிள்ளைகள் பள்ளிக்கூடம் போவது கண்ணில் படும். நான் 25 வயதில் முதல் வேலைக்குப் போனபோது எனக்குச் சம்பளச் சீட்டைப் படிக்கத் தெரியாது, ஒருவரோடு சண்டை போட்டுச் சமாதானமாகவும் தெரியாது. பதினேழில் நிறுத்திய இடத்திலிருந்துதான் தொடங்க வேண்டியிருந்தது.

இதற்கு என்னிடம் மருந்து இல்லை. துக்கம் கேட்க வருகிறவர்களிடம் "எல்லாம் நன்மைக்கே" என்று சொன்னால் எப்படி இருக்குமோ அப்படித்தான் "நோய் உனக்கு நிறையக் கற்றுக்கொடுத்திருக்கும்" என்பதும். எட்டு ஆண்டு போய்விட்டது. அதற்கு அழலாம். நான் அழுதேன், பிறகு அலுவலகத்தில் என்னைவிட இளையவர்களோடு தேநீர் குடிக்கப் போகத் தொடங்கினேன்.

இப்போது உங்களுக்கு நேரம் எப்படி இருக்கிறது?

எது எப்போது திரும்பியது என்று தேதி போட்டுச் சொல்ல முடியாது. மாதவிடாய் பல மாதம் கழித்து வந்தது. பசி அதற்கும் பிறகு, அதுவும் முதலில் தப்புத் தப்பான நேரங்களில். ஒரு நாள் மட்டும் நினைவிருக்கிறது. சித்தி மகள் கல்யாணத்துக்குக் கும்பகோணம் போயிருந்தோம். பந்தியில் உட்கார்ந்தேன். பக்கத்தில் ஒரு மாமா, பக்கத்து ஊர் நிலத் தகராறைப் பற்றி விடாமல் பேசினார். வாய்க்கால் யாருக்குச் சொந்தம், சர்வேயர் என்ன சொன்னார், எதிராளி எப்படிக் கல்லைப் பிடுங்கி நட்டான் என்று ஒன்றுவிடாமல் கேட்டுக்கொண்டிருந்தேன். ஊர் திரும்பி இரவு படுக்கும்போது அம்மா கேட்டார், "பாயசம் இரண்டு வகை போட்டார்களே, எது நன்றாக இருந்தது?"

எனக்கு நினைவில்லை. வாய்க்கால் வழக்கு மட்டும் முழுதாக நினைவிருந்தது.